நாலு மணிக் குறிப்பு

யாரைப் பார்த்தாலும், இவரைப் படுக்கையில் எப்படிப் புரட்டுவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டவளுக்கு வேறென்ன தோன்றும்? பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருபவரைக்கூடக் கண்ணாலேயே எடை போட்டுவிடுவேன். லேபர் ஆபீஸ் மேடம் ஒல்லி. முதுகுக்கடியில் ஒரு கையைக் கொடுத்தால் போதும், திரும்பிவிடுவார். எனக்குச் சம்பளம் தரமுடியாது என்று சொன்ன மனிதர் அப்படியில்லை, தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. நாளைக்கு அவர் படுத்தால் இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் அவர் பாக்கி வைப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவருடைய அப்பாவைத்தான் நான் பதினோரு மாதம் பார்த்துக்கொண்டேன். பெரியவர் என்றே சொல்கிறேன். பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கை மட்டும் சொன்னபடி கேட்டது. வேண்டும் என்றால் கட்டில் கம்பியை ஒரு தட்டு, வேண்டாம் என்றால் இரண்டு தட்டு. மனைவி எப்போதோ போய்விட்டார். ஒரே மகன் வேறு ஊரில் தொழில் பார்க்கிறார். அந்த மாடி வீட்டில் பெரியவரும் நானும்தான். இன்னொரு ஆளாகக் காற்றுப் படுக்கையின் மோட்டார் இருந்தது. இரவும் பகலும் அது முனகிக்கொண்டே இருக்கும்.

முதல் ஆறு மாதம் ஏஜென்சி மூலமாக இருந்தேன், சம்பளம் தேதி தவறாமல் வந்தது. அப்புறம் ஒரு நாள் மகன் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, எதற்கு சிஸ்டர் அவர்களுக்குக் கமிஷன் கொடுத்துக்கொண்டு, நேராக என்னிடமே இருங்கள், அந்தக் காசும் உங்களுக்கே வரட்டும் என்றார். தேன் மாதிரிப் பேசினார். நானும் தலையாட்டினேன். முதல் மாதம் முடிந்ததும், அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்றார். அடுத்த மாதம், என்னிடம் இருப்பது பேங்கில் இருப்பது மாதிரி என்றார். எனக்கும் அங்கே சாப்பாடும் படுக்கையும் இருந்தன, கைச்செலவுக்கு முன்னால் சேர்த்தது கொஞ்சம் இருந்தது. மொத்தமாக வந்தால் ஒரு அறைக்கு அட்வான்ஸ் கட்டிவிடலாம் என்று நானே கணக்குப் போட்டேன். ஐம்பத்திநாலு வயதில் இவ்வளவு ஏமாளியாக இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

அறை என்று சொன்னேன் இல்லையா, அதை விளக்கிவிடுகிறேன். எங்கள் வேலையில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய், அதுதான் வீடு. நோயாளி இறந்த அன்றைக்கே வீடும் போய்விடும். பிணத்தை எடுப்பதற்குள் நம் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் பதினேழு வீடு அப்படி மாறியிருக்கிறேன். இடையில் அக்கா வீட்டு ஹாலில் சோபாவில் படுப்பேன். அக்கா நல்லவள்தான். அத்தானும் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் டிவி பார்க்க வந்து நின்றுகொண்டே இருப்பார். நான் எழுந்து உட்கார்ந்தால்தான் அவருக்கு உட்கார இடம். உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு அறை, என் பெயரில் ஒரு சாவி. அதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் பெரிதாக எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பெரியவர் போன பிறகு அப்படி ஓர் அறை கிடைக்கவும் செய்தது. அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்கு அடியில் தனி வாசல். வீட்டுக்காரம்மா அடுத்த மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று சொன்னார். அந்த நம்பிக்கையில்தான் மகன் வீடு பூட்டுவதற்காக ஊரிலிருந்து வந்த அன்றைக்குப் போய்ச் சம்பளம் கேட்டேன்.

அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. பதினோரு மாதம் நான் துடைத்த வாசலில் நிற்கவைத்தே பேசினார். சிஸ்டர் என்கிற வார்த்தை எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. எதிர் வீட்டம்மா அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். அப்பா போன நேரத்தில் நான் மொட்டை மாடியில் நின்று தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

"பக்கத்துல இருக்கத்தானேம்மா உங்களுக்குச் சம்பளம்? அந்த நேரத்துல நீங்க பக்கத்துல இல்லையே," என்றார்.

நான் திரும்பிப் படியிறங்கினேன். ஏனென்றால் எதிர் வீட்டம்மா சொன்னது பொய்யில்லை. அன்றைக்கு மதியம் பெரியவர் தூங்கியதும் துவைத்த விரிப்புகளைக் காயப்போட மாடிக்குப் போனேன். நாலு விரிப்புக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் மழைக்குப் பிறகு வந்த வெயில், முதுகில் இதமாக விழுந்தது. மருந்து வாடை இல்லாத காற்று. கீழே தெருவில் ஒரு பெண் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள், விழுந்து விழுந்து எழுந்தாள். அவள் ஒரு முறையாவது திருப்பத்தைத் தாண்டிவிடட்டும் என்று நின்றுவிட்டேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். இறங்கி வந்தபோது மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. பெரியவர் மூச்சு விடவில்லை. கம்பி மேல் இருந்த கையைத் தொட்டேன், சூடு இன்னும் போகவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மூன்று பத்து என்று நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தார். கட்டில் கம்பியைப் பெரியவர் தட்டினாரா, தட்டினால் எத்தனை தட்டு என்று இன்றைக்கு வரை நான் நினைத்துப் பார்க்காத நாளில்லை.

அதற்காக ஐந்து மாதச் சம்பளமா? வாசலில் நின்றபோது இது தோன்றவில்லை. தெருமுனை வரை வந்த பிறகுதான் கோபம் வந்தது. இருபது நிமிடத்துக்குப் பிடித்துக்கொள்ளட்டும், ஒரு நாளைக்குப் பிடித்துக்கொள்ளட்டும். மற்ற நூற்றைம்பது நாளும் அவருடைய அப்பா தானாகவே புரண்டு படுத்தாரா? அன்றைக்கே ஏஜென்சியில் உடன் வேலை பார்த்த தோழி ஒருத்தியிடம் கேட்டு, லேபர் ஆபீஸுக்கு வழி தெரிந்துகொண்டேன்.

அங்கே ஒரு நீளமான பெஞ்சு. என்னைப் போலச் சம்பளம் வராதவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், யாரும் யாரோடும் பேசவில்லை. மூன்றாவது தடவை போனபோதுதான் மேடம் முன்னால் உட்காரக் கிடைத்தது. வேலைக்கு வைத்த கடிதம் உண்டா என்றார், இல்லை. பேங்கில் பணம் வந்த ரசீது? அந்த ஐந்து மாதத்துக்கு இல்லை. யாராவது பார்த்தவர்கள்? எதிர் வீட்டம்மாவைச் சொல்லலாம்தான், ஆனால் அவர் எனக்கு எதிர்வீடாகவே இருந்தார். வேறென்னதான் இருக்கிறது என்று மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

நோட்டு இருந்தது. எங்கள் வேலையில் சார்ட் எழுதுவது என்று ஒன்று உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, எந்தப் பக்கம் திருப்பினோம், எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, என்ன மருந்து, புண் எப்படி இருக்கிறது என்று குறிக்க வேண்டும். ஏஜென்சியை விட்ட பிறகும் நான் எழுதுவதை விடவில்லை. நீள நோட்டு ஐந்து நிறைந்திருந்தது. மகன் எப்போதாவது வந்தால் அதைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார், அதன் மேல் கார் சாவியை வைப்பார். நான் பையைக் கட்டும்போது நோட்டுகளையும் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். மேடத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. எல்லாவற்றையும் அடுத்த விசாரணைக்குக் கொண்டு வாருங்கள், அவருக்கும் நோட்டீஸ் போகும் என்றார்.

ஐந்தாவது நோட்டில்தான் சிக்கல். சார்ட் எழுதுகிற யாரைக் கேட்டாலும், தலையைச் சொறிந்துகொண்டு ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்வார்கள். அந்தந்த நேரத்தில் யாரும் எழுதுவதில்லை. திருப்பி, துடைத்து, எண்ணெய் தடவிய கையோடு பேனாவைத் தொட முடியாது. அதனால் கை சுத்தமாக இருக்கிற நேரத்தில் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, எழுதியபடி செய்வோம். நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் சேர்த்து எழுதிவிடுவேன். அன்றைக்கும் எழுதியிருந்தேன். டாக்டர் சான்றிதழில் மூன்று பத்து. என் நோட்டில், அழகான கையெழுத்தில்: 4.00. வலது பக்கம் திருப்பியது. தண்ணீர் 50 மி.லி. குடித்தார்.

அக்காவிடம் காட்டினேன். அவள், அந்தத் தாளைக் கிழித்துப் போடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். அத்தான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், பிளேடால் அறுத்தால் தெரியாது என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எனக்கு ஒரு யோசனை சொன்னார், அது இது. பிளேடும் எடுத்துக் கொடுத்தார். நான் சோபாவில் உட்கார்ந்து நோட்டை விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அந்தத் தாளில் மேலே காலை ஆறு மணியும் எட்டு மணியும் பத்து மணியும் இருந்தன. பத்து மணிக்கு, "ஷேவிங் வேண்டாம் என்றார்" என்று எழுதியிருந்தேன். அதற்கு மட்டும் வழக்கமான கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதியிருந்தேன். கிழித்தால் அந்த மனிதரின் கடைசி நாளே இல்லாமல் போய்விடும். அவருடைய மகனுக்கே அந்த நாளைப் பற்றித் தெரியாது. அதைத் தெரிந்த ஒரே ஆள் நான், என்னிடம் இருக்கிற ஒரே காகிதம் அது. பிளேடை அத்தானிடமே கொடுத்துவிட்டேன். உன் இஷ்டம் என்று எழுந்து போனார்.

விசாரணையன்று மகன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். இடது பக்கம் சாய்ந்து உட்காருகிறார், இடுப்பில் வலி தொடங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மேடம் ஐந்து நோட்டையும் மேஜையில் அடுக்கிவைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மகன் முதல் நாலையும் சீட்டுக்கட்டு மாதிரிப் புரட்டித் தள்ளினார். ஐந்தாவதை மட்டும் பின்னாலிருந்து திறந்தார். கெட்டிக்காரர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"செத்தவர் தண்ணி குடிச்சிருக்கார் மேடம், பாருங்க," என்று நோட்டைத் திருப்பி நீட்டினார்.

மேடம் படித்தார், சான்றிதழைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். என்னம்மா இது என்று கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. அந்த அலுப்பைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது.

மென்று முழுங்காமல் சொல்லிவிட்டேன். முன்னாடியே எழுதிவைப்பேன், எல்லா நாலு மணியும் அப்படி எழுதினதுதான், ஆனால் எழுதினபடி ஒவ்வொரு நாளும் செய்தேன் என்றேன். மகன் சிரித்தார். அப்படியென்றால் ஐந்து நோட்டும் கதைதான் என்று மேடத்திடம் சொன்னார். பதினோரு மாதம் பக்கவாதத்தில் கிடந்த மனிதருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை, கதை எழுதியா வராமல் தடுத்தேன் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. மாடியில் நின்ற இருபது நிமிடம் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

மேடம் நோட்டை மூடவில்லை. விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தார். பிறகு, இதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லையே, மூன்று பத்துக்குப் பிறகு இவர் வரும் வரை யார் இருந்தார்கள் என்று கேட்டார்.

நான்தான் என்றேன். மகன் வர ஒன்பது மணி ஆயிற்று. என்ன செய்தீர்கள் என்று மேடம் கேட்டார்.

அதுவரைக்கும் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மகன் கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை. சொல்ல ஆரம்பித்ததும் எனக்கே நிறுத்த முடியவில்லை. முதலில் சிறுநீர் ட்யூபை எடுத்தேன். தாடை தொங்காமல் இருக்கத் துண்டைச் சுருட்டி மோவாய்க்கு அடியில் கொடுத்தேன். வெந்நீர் வைத்தேன். வெந்நீர் தேவையில்லைதான், ஆனால் பதினோரு மாதம் வெந்நீரில் துடைத்த உடம்பைப் பச்சைத் தண்ணீரில் துடைக்கக் கை வரவில்லை. ஷேவ் பண்ணினேன். காலையில் இரண்டு தட்டு தட்டி வேண்டாம் என்றவர், அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சலவைச் சட்டை போட்டு எல்லாப் பட்டனையும் மாட்டினேன். செத்துப்போனவருக்குக் கையை நுழைப்பது தனி ஆளால் சுலபமில்லை, என் தோள் இன்னும் வலிக்கிறது. கடைசியில் மோட்டாரை நிறுத்தினேன். அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. விளக்கைப் போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன், ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை. அழுதேன், அப்புறம் பசித்தது, சாப்பிட எழுந்திருக்க வெட்கமாக இருந்தது.

"நாலு மணிக்கு முதுகு துடைக்க வலது பக்கம்தான் திருப்பினேன் மேடம். அது நெஜம். தண்ணி மட்டும்தான் பொய்," என்றேன்.

மேடம் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.  மகன் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனம் இளகியது என்றோ, கண் கலங்கியது என்றோ சொல்லமாட்டேன், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து மாதச் சம்பளத்தையும் பதினைந்து நாளுக்குள் இங்கேயே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டார். மகன் கையெழுத்து வைத்துவிட்டு எழுந்தார்.

பதினாலாம் நாள் பணத்தோடு வந்தார். கவரை மேடம் முன்னால் பிரித்து எண்ணினேன். ஒரு நாள் சம்பளம் குறைந்தது. மேடம் என்னவென்று கேட்க, கடைசி நாள் கணக்கில் வராது என்றார். எனக்கு மாதக் கடைசி நெருங்கிவிட்டது, அட்வான்ஸுக்கு அந்த ஒரு நாள் காசு தேவைப்படவும் இல்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். பேனாவைத் திறக்காமல் அப்படியே வைத்தேன்.

"அந்த நாளும் வேணும்," என்றேன்.

"அன்னிக்கு மூணு மணிக்கே அப்பா போயிட்டாரேம்மா. அதுக்கப்புறம் யாரைப் பார்த்துக்கிட்டீங்க?"

"உங்க அப்பாவைத்தான்."

 அவர் பர்ஸை எடுத்துச் சலவை நோட்டாகவே பொறுக்கி மேஜையில் வைத்தார். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். நோட்டுகளை எனக்கே திருப்பிக் கொடுங்கள் என்று மேடத்திடம் கேட்டேன். ஃபைலில் சேர்த்தாயிற்று, திரும்பக் கிடைக்காது என்றார்.

படியிறங்கி வெளியே வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு ஆளிடமாவது சொன்னால்தான் அது ஜெயித்ததாகும் என்று தோன்றியது. அக்காவுக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. தோழி எடுத்தாள், நோயாளிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் நான் அதிகமாகப் பேசியது பேச்சு போனவர்களோடுதான். அவர்களிலும் இப்போது யாரும் இல்லை. பஸ் ஸ்டாப் வரை கவரைக் கைப்பைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

நேராக அறைக்குத்தான் போனேன். வீட்டுக்காரம்மா அட்வான்ஸை வாங்கி எண்ணிவிட்டு, சாவியைக் கொண்டுவந்தார். பருத்த உடம்பு, முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். கதவைத் திறந்து காட்டினார். ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, உள்ளே தாழ்ப்பாள். போட்டுப் பார்த்தேன், இறுக்கமாக விழுந்தது. யார் யார் வந்து இருக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

"தனியாவா? திடீர்னு உடம்புக்கு ஒண்ணுன்னா பக்கத்துல யாரு இருப்பா?"

"அதுக்கெல்லாம் சம்பளம் குடுத்து ஆள் வைக்கணும்மா," என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் படியேறிப் போன பிறகு கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தேன்.